வாலிபால் நெட்டும் கர்லாக்கட்டையும்

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல அந்தக் காலத்து காலேஜ் வாழ்க்கைய பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, காலையில காப்பிய கையில வச்சிக்கிட்டு படிக்க ஆரம்பிச்சவன் காப்பி ஆறிப்போனது கூட தெரியாம படிச்சி முடிச்சேன், எழுதுன தம்பி நல்லாத்தான் எழுதியிருக்காரு, ஆனா கூட வரைஞ்சி போட்ட படத்த பாத்ததும் எனக்கு சிரிப்ப அடக்க முடியல. கீழ 1885, பாளையங்கோட்டைன்னு எழுதியிருக்கு, மேல குடுமி வச்ச பயலுவ வேட்டிய தார்பாய்ச்சி கட்டிக்கிட்டு வாலிபால் ஆடுதாவ! நெட்டு வேற சரியான உயரத்துல கட்டியிருக்கு. அண்ணாச்சி, வாலிபால்ங்கற ஆட்டமே 1895ல தான் பொறந்துச்சு, அமெரிக்காவுல ஹோலியோக்னு ஒரு ஊர்ல ஒய்.எம்.சி.ஏ.ல இருந்த மார்கன்ங்கறவரு, பாஸ்கெட்பால் கொஞ்சம் முரட்டு ஆட்டமா இருக்கே, வயசான ஆளுங்களுக்கு ஆவாதேன்னு யோசிச்சி உண்டாக்குனது, மொதல்ல அதுக்கு வச்ச பேரு மின்டோனெட். பத்து வருஷம் முன்னாடியே நம்ம பாளையில ஆடிட்டாவன்னா ராயல்டி நமக்குல்லா வந்திருக்கணும்.

படத்துக்காக மட்டும் இந்த கடுதாசி எழுதல. நான் 31 வருஷம் பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், விசில் ஊதியே தொண்ட போனவன், அதனால கட்டுரையில ஒரு வரி எனக்கு தொண்டையில மீன்முள்ளு மாதிரி நிக்கி. அந்தக் காலத்துல சாயங்காலம் ஆனா காலேஜ் பசங்க எல்லாரும் மைதானத்துல தான் இருப்பாவளாம், இப்ப உள்ளவன் செல்போன்ல தான் கெடக்கானாம். இந்தா, இங்கன தான் எனக்கு ஒத்துக்க முடியல. அந்தக் காலத்துலயும் முக்காவாசி பேரு மைதானத்து பக்கம் எட்டிப் பாக்கல, அப்ப செல்போனும் இல்ல, அப்ப யாரு தடுத்தது?

பரீட்சை தான் தடுத்தது. மெட்ராஸ் யுனிவர்சிட்டி 1857ல ஆரம்பிச்சாவல்ல, அது இப்ப உள்ளது மாதிரி பாடம் நடத்துத யுனிவர்சிட்டி கெடையாது, பரீட்சை வச்சி சர்டிபிகேட் குடுக்கது தான் அதோட வேலையே, பாடம் நடத்துனது அங்கங்க இருந்த காலேஜுங்க. நம்ம பக்கத்துல செயின்ட் ஜான்ஸும் ம.தி.தா. இந்துக் கல்லூரியும் ரெண்டுமே 1878ன்னு வருஷம் சொல்லுத காலேஜுங்க, ஆனா அப்ப ரெண்டுலயும் எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்துன ரெண்டு வருஷப் படிப்பு) வரைக்கும் தான், பி.ஏ. வேணும்னா ரயிலேறி மெட்ராஸுக்கோ திருச்சிக்கோ போணும், ரயிலும் 1876ல தான் மணியாச்சி வழியா திருநெல்வேலிக்கு வந்துச்சு. வெள்ளாளன்விளையில பொறந்த அசரியா, பின்னால 1912ல பிஷப் ஆனாரே, அவரு கூட நம்ம பக்கத்து மிஷன் பள்ளிக்கூடங்கள்ல படிச்சிட்டு 1893ல மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜுக்கு தான் போனாரு. இப்படி மெட்ரிகுலேசன், எஃப்.ஏ., பி.ஏ.ன்னு ஒண்ணொண்ணும் ஒரு படி, படிக்கு படி பரீட்சை, தாண்டுனா தாலுகா ஆபீஸ், கோர்ட்டு, பள்ளிக்கூட வாத்தியார், தாண்டலன்னா மறுபடி வயக்காடு. 'எஃப்.ஏ. பெயில்'னு பேருக்கு பின்னால போட்டுக்கிட்டா கூட மரியாத இருந்த காலம் அது. வித்த காசுல, அடகு வச்ச காசுல பையன அனுப்புன தகப்பன் பந்து ஆடுன்னு அனுப்புவானா?

எங்க பூட்டனாரு ஆழ்வார்திருநகரி பக்கம், டவுன்ல சொந்தக்காரங்க வீட்டு திண்ணையில தங்கி எஃப்.ஏ. படிச்சவரு. எங்க ஆச்சி சொல்லுவா, அவரு இருட்டோட எந்திரிச்சி குறுக்குத்துறையில போய் குளிச்சிட்டு ஈரத்துண்டோட நடந்து வரும்போதே பாடத்த வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே வருவாராம், எதுக்க வாறவன் ஏதோ மந்திரம்னு நெனச்சி ஒதுங்கி போவானாம், ஆனா அது ஷேக்ஸ்பியராம். சாயங்காலம் விளக்கு வைக்கதுக்குள்ள வீட்டுக்குள்ள இருக்கணும், மண்ணெண்ண விளக்கு ஒண்ணு தான், அத சுத்தி நாலு பேரு. இதுல எங்கவே மைதானம்?

என் பேத்தி அமெரிக்காவுல படிக்கா, அவ காலேஜ்ல பழைய போட்டோ எல்லாம் மாட்டி வச்சிருக்கத படம் புடிச்சி அனுப்புனா, அத பாத்துட்டு அந்த ஊரு கதைய தேடித் தேடி படிச்சேன், ரிட்டயர் ஆனவனுக்கு வேற என்ன வேல. அங்க கதையே தலகீழ். 1852ல ஹார்வர்டு பசங்களும் யேல் பசங்களும் படகு போட்டி விட்டாவ, அதுக்கு செலவு பண்ணது ஒரு ரயில்வே கம்பெனி (ஸ்பான்சர்னு நாம இப்ப பெருசா பேசுதோம்!). 1869 நவம்பர் 6ல ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஃபுட்பால் ஆடுனாவ, ஒரு பக்கத்துக்கு 25 பேரு, ரட்கர்ஸ் 6-4ல ஜெயிச்சுது. எல்லாம் பசங்களா கூடி பசங்களா நடத்துனது, வாத்தியாருங்க பின்னாலயே ஓடி ஓடி லகானப் புடிச்சி இழுத்தாவ. 1894ல ஹார்வர்டும் யேலும் ஆடுன ஒரு ஆட்டத்துல அடிதடி எலும்பு முறிவுன்னு ஆகி, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அவங்களுக்குள்ள ஆட்டமே கெடையாது. 1896ல ஏதென்ஸ்ல மொத ஒலிம்பிக்ஸ் நடந்தப்ப கனோலின்னு ஒரு ஹார்வர்டு பையன் படிப்ப பாதியில விட்டுட்டே கப்பலேறி போயி, ட்ரிப்பிள் ஜம்ப்ல மொத ஆளா ஜெயிச்சிட்டாரு. எங்க பூட்டனாரு வீட்ல இப்படி எவனாவது செஞ்சிருந்தா தல முழுகியிருப்பாவ.

அங்க பையன் ஆடணும்ங்கான், வாத்தியார் தடுக்காரு. இங்க வாத்தியார் ஆடுலேங்காரு, பையன் ஓடுதான். காந்திய எடுத்துக்கோங்க, ராஜ்கோட்ல 1880கள்ல ஹைஸ்கூல் படிச்சாரு, ஹெட்மாஸ்டர் கிமின்னு ஒரு பார்சிக்காரர், பெரிய கிளாஸ் பசங்களுக்கு ஜிம்னாஸ்டிக்ஸும் கிரிக்கெட்டும் கட்டாயம்னு போட்டுட்டாரு. காந்திக்கு ரெண்டுமே புடிக்காது, வீட்டுக்கு போயி ஒடம்பு சரியில்லாத அப்பாவ பாக்கணும்ங்கறது தான் மனசுல. ஒரு நாள் மேகமூட்டமா இருந்ததுல நேரம் தெரியாம அவரு போய்ச்சேருததுக்குள்ள எல்லாரும் கலஞ்சி போயாச்சு, ஹெட்மாஸ்டர் நம்பல, ஒரணாவோ ரெண்டணாவோ அபராதம், பொய் சொன்னவன்னு ஆயிட்டேன்னு மனுஷன் அழுதாரு. பின்னால அவரே, ஒடம்புப் பயிற்சிய அப்ப வெறுத்தது தப்பு, படிப்புக்கு குடுக்க எடத்த அதுக்கும் குடுக்கணும்னு சொன்னாரு. நான் இந்த கதைய என் சர்வீஸ்ல எத்தன ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லியிருப்பேன், எல்லாரும் முத பாதிய மட்டும் ஞாபகம் வச்சிக்கிட்டாவ.

காஷ்மீர்ல நடந்தது இன்னும் வேடிக்க. நம்ம பாளையங்கோட்டையில வேல பாத்த அதே சி.எம்.எஸ்.ங்கற இங்கிலாந்து கிறிஸ்தவ மிஷனோட ஸ்ரீநகர் பள்ளிக்கூடத்துக்கு டிண்டேல் பிஸ்கோன்னு ஒருத்தர் 1890ல வந்தாரு, கேம்பிரிட்ஜ்ல படகு ஓட்டுன ஆளு. 1891ல ஒரு ஃபுட்பால கொண்டு வந்து காட்டுனா, பிராமண பையங்க அது என்னதுல செஞ்சதுன்னு கேக்காவ, தோலுன்னதும் தொட மாட்டோம்னுட்டாவ. வாத்தியாருங்கள கம்போட சுத்தி நிப்பாட்டி ஆட வச்சாரு அந்த மனுஷன்! ஒரு பையன் மூஞ்சியில பந்து பட்டுட்டு, தீட்டாயிட்டேன்னு ஓன்னு அழுகான், கால்வாய்ல கொண்டு போயி மூஞ்சிய கழுவி விட்டு மறுபடி ஆட்டத்துல எறக்கி விட்டுட்டாவ. இத சொல்லி காஷ்மீர்காரங்கள நாம சிரிக்க முடியாது. நம்ம ஊர்ல அப்ப ஒரே கிளாஸ்ல உக்காந்தவன் ஒரே பந்தியில உக்காந்திருப்பானா? சோறு வேற, தண்ணி வேற, இதுல கட்டிப்புடிச்சி ஆடுத சடுகுடு மட்டும் எல்லாருக்கும் பொதுவா இருந்திருக்குமா என்ன. அந்தக் காலம் பொற்காலம்னு எழுதும்போது இதையும் ஒரு ஓரத்துல வச்சிக்கணும் தம்பி.

இப்ப கர்லாக்கட்டைக்கு வாறேன், அதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுத்துனது.

எங்க பூட்டனாருகிட்ட ஒரு ஜோடி கர்லாக்கட்டை (ஒடம்ப வளக்க கையில புடிச்சி சுத்துத கனத்த கட்டை) இருந்துச்சு, இப்பவும் எங்க வீட்ல இருக்கு. படிக்க வந்த எடத்துல வீட்டுக்கு தெரியாம ஆத்தங்கரையில ஒரு ஆசான்கிட்ட போயி சுத்தி பழகுனாராம். புளியங்கட்டை, கடைசல் புடிச்ச வரி மேல இன்னும் மங்கலா தெரியும், புடி மட்டும் வேர்வையும் எண்ணெயும் ஏறி கறுத்து வழுவழுன்னு ஆயிட்டு, ஒண்ணுல ஒரு விரிசல், அதுல செப்புக்கம்பிய இறுக்கி சுத்தி வச்சிருக்காரு. மளிகக் கடை தராசுல ஒரு தடவ நிறுத்து பாத்தேன், ஒத்த கட்டை நாலு கிலோ சொச்சம். ரொம்ப வருஷமா அத எங்க வீட்ல மச்சு கதவு காத்துக்கு அடிச்சிராம இருக்க முட்டு குடுத்து வச்சிருந்தோம், நானே பி.டி. வாத்தியாரா இருந்துகிட்டு அது என்னன்னு ரோசிக்கல பாருங்க.

இந்த கட்டைய பட்டாளத்துல இருந்த வெள்ளக்காரன் நம்ம ஆளுங்க சுத்துதத பாத்துட்டு அவன் ஊருக்கு கொண்டு போனான், இந்தியன் கிளப்னு பேரு வச்சான், 1830கள்லயே இங்கிலாந்துல அத எப்படி சுத்தணும்னு புத்தகம் போட்டாவ, 1860கள்ல அமெரிக்காவுல கடையில வச்சி விக்க ஆரம்பிச்சாவ, பொம்பளப்புள்ளைங்க சுத்துததுக்குன்னு வெயிட்ட கொறச்சி அழகா பெயின்ட் அடிச்சி வேற. 1904 ஒலிம்பிக்ஸ்ல கிளப் சுத்துததுக்குன்னு ஒரு போட்டியே இருந்துச்சு! பொறவு அதே கட்டை டிரில், பியானோ தாளத்துக்கு ஒன் டூ த்ரீன்னு சுத்துத பயிற்சியா, கப்பலேறி திரும்பி நம்ம பள்ளிக்கூடத்துக்கே வந்துச்சு. ஆத்தங்கரையில நம்ம ஆசான் சொல்லிக் குடுத்தா அது படிப்ப கெடுக்க வேல, அதையே விசில் வச்சி ஊதுனா அது பிசிக்கல் ட்ரெய்னிங்.

இத்தனைக்கும் சர்க்கார் காயிதத்துலயே எழுதி வச்சிருந்தாவ. 1882ல படிப்பு விஷயத்த விசாரிக்க ஹன்டர் கமிஷன்னு ஒண்ணு போட்டாவ, மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மில்லர் துரை அதுல ஒரு மெம்பர், அவங்க பள்ளிக்கூடத்துக்கு சொன்னதுல நாட்டு வெளையாட்டு, ஜிம்னாஸ்டிக்ஸ், டிரில் எல்லாத்தையும் ஊக்கப்படுத்தணும்னு இருக்கு. மொத வார்த்தையே நாட்டு வெளையாட்டு தான், ஆனா அத காதுல வாங்குனது யாரு? சடுகுடு, கிளித்தட்டு, கிட்டிப்புள், செலம்பம் எல்லாம் கேட்டுக்கு வெளியவே நின்னுட்டு, டிரில் மட்டும் உள்ள போச்சு. வ.உ.சி. ஓட்டப்பிடாரத்துல 1872ல பொறந்தவரு, தூத்துக்குடியில போயி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல படிச்சவரு தான், ஆனா அவரு தன் கதைய செய்யுளா எழுதும்போது சின்ன வயசுல கத்துக்கிட்ட நீச்சல், குதிரையேத்தம், செலம்பம், குஸ்தின்னு அடுக்கிக்கிட்டே போவாரு, அதெல்லாம் பள்ளிக்கூட டைம்டேபிள்ல இருந்த சமாச்சாரம் இல்ல, ஊரு சொல்லிக் குடுத்தது. அப்புறம் கோயம்புத்தூர் ஜெயில்ல செக்கிழுத்த ஒடம்பு அது.

தாமிரபரணிய விட்டுட்டு நான் பேசுனா ஆறு கோச்சிக்கிடும். சுலோச்சன முதலியார் பாலம் 1843லயே வந்துட்டு, அதனால பாளைக்கும் டவுனுக்கும் பசங்க கால் நோக நடந்தாலும் நனையாம போயிட்டு வந்தாவ, ஆனா கோடையில தண்ணி கொறஞ்ச நேரத்துல பாலத்து மேல நடக்கவனுக்கு கீழ குதிக்கவன பாத்தா கால் நிக்குமா? நானும் கொக்கிரகுளத்து படித்துறையில நீச்சல் பழகுனவன் தான், எங்க அப்பாவும், அவங்க அப்பாவும். அந்தக் காலத்து காலேஜ் பையனுக்கு உண்மையான மைதானம்னா அது ஆறு தான்னு நான் சொல்லுவேன், கேட்டு கெடையாது, வாச்மேன் கெடையாது, குளிக்க போறேன்னு சொன்னா எந்த அப்பனும் வேண்டாம்ங்க முடியாது.

பொம்பளப்புள்ளைங்கள பத்தி கட்டுரையில ஒரு வரி கூட இல்ல. 1895லயே பாளையில சாராள் தக்கர் காலேஜ் வந்துட்டு அண்ணாச்சி. அதுக்கு மூணு வருஷம் முன்னால அமெரிக்காவுல ஸ்மித் காலேஜ்ல பெரன்சன்ங்கற டீச்சரம்மா பொண்ணுங்களுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக் குடுத்தாவ, ரொம்ப ஓடக்கூடாதுன்னு கோர்ட்ட மூணா பிரிச்சி அவங்கவங்க கட்டத்துக்குள்ளயே நிக்கணும்னு ரூல் போட்டு, 1893ல மேட்ச் நடந்தப்ப ஆம்பளைங்கள உள்ளயே விடல. அப்படி பயந்து பயந்து தான் அங்கயே ஆரம்பிச்சுது. இங்க இன்னைக்கும் நல்லா ஓடுத ஒரு புள்ளைய டிவிஷன் மீட்டுக்கு கூட்டிட்டு போறேன்னு கேட்டா, சார் வெயில்ல கறுத்துரும், நாளைக்கு எவன் கட்டுவான்னு அவங்கம்மா கேக்கா. நான் பதில் சொல்ல தெரியாம நின்னுருக்கேன்.

கடைசியா என் சொந்த கதை. நான் வேல பாத்த பள்ளிக்கூடம் பேரு வேண்டாம், எல்லா எடத்துலயும் உள்ளது தான். டைம்டேபிள்ல பி.டி. பீரியட் இருக்கும், பத்தாங்கிளாஸ்னா வாரத்துக்கு ரெண்டு. மணி அடிச்சதும் நான் பந்த எடுத்துக்கிட்டு கிரவுண்டுக்கு போவேன், பசங்க வர மாட்டானுவ, போயி பாத்தா கணக்கு வாத்தியாரு போர்டுல எழுதிக்கிட்டு நிப்பாரு, "சார், ஒரே ஒரு கணக்கு சார், ரிவிஷன் டெஸ்ட் வருதுல்லா"ன்னு சிரிப்பாரு. ஒரு டேர்ம் முழுக்க எனக்கு அந்த கிளாஸ் கெடச்சது மூணே மூணு நாள். கடைசி பெஞ்சுல ஒருத்தன் ஜன்னல் வழியா என் கையில இருந்த பந்தையே பாத்துக்கிட்டிருந்தான், அவன் ஒரு நாளும் கணக்குல பாஸாவல, பந்தும் ஆடல. எங்க பூட்டனாரு காலத்து எஃப்.ஏ. இப்ப நீட்டுன்னும் கட் ஆஃப்னும் பேரு மாத்திருக்கு, அவ்வளவு தான். 1919ல பக் துரை மெட்ராஸ் வந்து அடுத்த வருஷம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வி காலேஜ ஆரம்பிச்சதுல இருந்து எத்தன ஆயிரம் பி.டி. வாத்தியாருங்க வந்தாச்சு, எல்லாருக்கும் விசில் குடுத்தாவ, பீரியட குடுக்கல.

அதனால செல்போன திட்டி இன்னொரு கட்டுரை போடாதீங்க அண்ணாச்சி. அதுக்கு பதிலா ஒண்ணு செய்யுங்க. நம்ம பாளையில பெரிய பெரிய மைதானம் உள்ள பள்ளிக்கூடம், காலேஜ் எத்தன இருக்கு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு எதுல எல்லாம் கேட்டு பூட்டியிருக்கு, எது தொறந்திருக்கு, வெளிய உள்ள புள்ளைங்கள உள்ள விடுதாவளா, இத மட்டும் ஒரு நிருபர அனுப்பி ஒரு வாரம் சுத்திப் பாத்து போடச் சொல்லுங்க, நானும் கூட வாறேன், ஸ்கூட்டர் இருக்கு, பெட்ரோல் என் செலவு. எங்க தெருவுல பயலுவ டிரான்ஸ்பார்மருக்கு அடியில தான் கிரிக்கெட் ஆடுதானுவ, அதுக்கு பின்னால காம்பவுண்டு செவருக்கு அந்தப் பக்கம் மூணு ஏக்கர் மைதானம் சும்மா கெடக்கு, புல்லு முட்டளவுக்கு நிக்கி.

படம் வரைஞ்ச தம்பியையும் ஒரு நாள் எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க. கர்லாக்கட்டைய மச்சு கதவுல இருந்து எடுத்து தொடச்சி எண்ணெ போட்டு வச்சிருக்கேன். கையில குடுக்கேன், ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டு அப்புறம் வரையட்டும். செப்புக்கம்பி சுத்துனத மட்டும் பாத்து புடிக்கச் சொல்லுங்க, கைய கிழிச்சிரும்.

இப்படிக்கு,
ஒரு பழைய பி.டி. வாத்தியார்,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை.

பி.கு.: கட்டுரையில ஒரு எடத்துல 1888ல ஒரு பையன் ஒரே ஓவர்ல ஆறு பந்தையும் அடிச்சதா கதை இருக்கு. 1889க்கு முன்னால ஓவருக்கு நாலு பந்து தான், அதுக்கப்புறம் அஞ்சு, 1900ல தான் ஆறு ஆச்சு. மீதி ரெண்டு பந்த யாரு போட்டான்னு அந்த தம்பிகிட்ட கேட்டு சொல்லுங்க.